மருத்துவ மானியமும் மூடிய கதவும்

முல்லையாற்று நாட்டை ஆண்ட மதிவாண மன்னருக்கு மருத்துவத்தில் ஆர்வம் அதிகம். புதிய மருந்து தேடும் வைத்தியர்களுக்கு ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து மானியம் தருவார். நாடெங்கும் இருந்து விண்ணப்பங்கள் வரும். அரண்மனை வைத்தியர்கள் மூவர் மூடிய அறைக்குள் உட்கார்ந்து அவற்றைப் பரிசீலிப்பார்கள்.

அதற்கு விதிகள் இரண்டு. உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. பரிசீலிக்கிறவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் தன் விண்ணப்பம் வரும்போது அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நேர்மையான ஏற்பாடுதான். தலைமை வைத்தியர் ஆனையப்ப பண்டிதர் வெளியே போய் மோர் குடிப்பார். மற்ற இருவரும் அவருடைய விண்ணப்பத்தை ஏற்பார்கள். அவர் உள்ளே வந்ததும் அடுத்தவர் மோர் குடிக்கப் போவார். பிறகு மூன்றாமவர். மூன்றாவது குவளை காலியாகும்போது மானியமும் காலியாகிவிடும். நாளடைவில் வெளியூர் வைத்தியர்கள் அலுத்துப்போய் விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார்கள்.

பண்டிதரின் ஆராய்ச்சி மன்னரின் நரையைப் பற்றியது. ஏழு ஆண்டுகளாக நடக்கிறது. அது தொடங்கியபோது மன்னருக்குக் காதோரம் மட்டும்தான் நரைத்திருந்தது.

அந்த ஆண்டு, ஆறு கடலில் சேரும் ஊரிலிருந்து உலகம்மை என்ற வைத்தியர் சபைக்கு வந்தார்.

"அரசே, மழை விட்டதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. வந்தால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஒரு கஷாயத்துக்கு அது கொஞ்சம் கேட்கிறது. எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று தெரிய, ஒரு மழைக்காலம் முழுக்கப் பத்து ஊரில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாலு வருஷமாக விண்ணப்பம் போட்டேன், தள்ளிவிட்டார்கள். இந்த வருஷமும் போட்டிருக்கிறேன். என்ன குறை என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். அதையும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்."

மன்னர் பண்டிதர் பக்கம் திரும்பினார். "ஏன் தள்ளினீர்கள்?"

"ரகசியம், அரசே. தங்கள் முத்திரை போட்ட விதி."

"எனக்குமா?"

"முத்திரை தங்களுடையதுதானே?"

சபையில் குழைக்காதர் என்றொருவர் இருந்தார். அவருக்கு என்ன பதவி என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சம்பளம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மன்னர் அவரைக் கூப்பிட்டார்.

"குழைக்காதரே, இந்த அம்மாளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். அறைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். விதி எதையும் மீறக் கூடாது."

"மூன்றும் ஒரேயடியாகவா, அரசே?"

"நாளைக்கே."

"அப்படியானால் நாளைய கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார எனக்கு அனுமதி கொடுங்கள். வாயே திறக்க மாட்டேன்."

பண்டிதர் துள்ளி எழுந்தார். "பாதியில் நழுவி வந்து தங்கள் காதில் ஓதிவிடுவார், அரசே! உட்காரட்டும். ஆனால் புதிதாக ஒரு விதி வேண்டும். கதவைச் சாத்திய பிறகு, கூட்டம் முடியும்வரை, உள்ளே இருப்பவர் வெளியே போகக் கூடாது."

"எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா?" என்று கேட்டார் குழைக்காதர்.

"எல்லோருக்கும்தான், ஓய்! தனியாக ஒரு விதி போடும் அளவுக்கு நீர் என்ன பெரிய ஆளா?"

"இல்லைதான்" என்றார் குழைக்காதர்.

முத்திரை விழுந்தது.

மறுநாள் கதவு சாத்தப்பட்டது. முதலில் எடுத்தது உலகம்மையின் விண்ணப்பம். அப்போது உள்ளே நடந்தது ரகசியம். ஆகவே இங்கே எழுதுவதற்கில்லை. அதற்குப் பின் வாசலில் நடந்ததைக் காவலர்கள் கேட்டார்கள். அதை எழுதத் தடையில்லை.

பண்டிதர் கதவைத் திறந்தார். இரண்டு ஈட்டிகள் குறுக்கே வந்தன.

"விலகு. அடுத்தது என் விண்ணப்பம். மோர் எங்கே?"

"கூட்டம் முடியவில்லையே, ஐயா."

"நான் வெளியே வந்தால்தானடா என் விண்ணப்பத்தை எடுக்க முடியும்!"

"வெளியே விடக் கூடாது என்று உத்தரவு, ஐயா. தாங்கள் கேட்டு வாங்கியது என்றார்கள்."

பண்டிதர் திரும்பினார். "ஓய் குழைக்காதரே, இது உம் வேலையா?"

குழைக்காதர் தன் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவர். பிறகு, கொண்டுவந்திருந்த புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்தார்.

மற்ற மூவரும் சோறு கொண்டுவரவில்லை. வெளியே போகாமல் மூவருடைய விண்ணப்பங்களையும் எடுக்க முடியாது. எல்லா விண்ணப்பமும் தீராமல் கூட்டம் முடியாது. கூட்டம் முடியாமல் வெளியே போக முடியாது. பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மன்னரை அழைத்துவரச் சொன்னார்கள். மன்னர் வாசலுக்கு வெளியே நின்றார்.

"அந்தப் புது விதியை நீக்குங்கள், அரசே!" என்றார் பண்டிதர்.

"நீக்கலாம். நீக்கினால் குழைக்காதரும் வெளியே வருவார்."

"ஐயோ, வேண்டாம்!"

"அப்படியானால் ரகசிய விதியை நீக்குகிறேன். எல்லோரும் சபைக்கு வாருங்கள். உள்ளே பேசியதை அங்கே பேசுங்கள்."

"அது வேண்டவே வேண்டாம்!"

"பிறகு உங்கள் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் இல்லை என்றால் வெளியே போகும் அவசியமும் இல்லை."

இரண்டாம் வைத்தியர் புளிச்சோற்று மூட்டையை ஒருமுறை பார்த்தார். "நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். மூன்றாமவரும் அதையே சொன்னார். "உமக்கெல்லாம் வயிறுதான் பெரிது" என்று இருவரையும் திட்டிவிட்டுப் பண்டிதரும் விட்டுக்கொடுத்தார்.

மிஞ்சியது உலகம்மையின் விண்ணப்பம் ஒன்றுதான். காலையில் எடுத்த முடிவை இன்னும் வெளியே அறிவிக்கவில்லை. அதனால் மாற்றிக்கொள்ள இடமிருந்தது. கதவு மறுபடி சாத்தப்பட்டு, உடனே திறந்தது. உலகம்மைக்கு மானியம் என்று பண்டிதர் அறிவித்தார். மூன்று பங்கும் அவருக்கே போயிற்று.

"அப்படியானால் முப்பது ஊர் பார்ப்பேன், அரசே" என்றார் உலகம்மை. அன்றைக்கே வண்டி கட்டினார். மழைக்கு அதிக நாள் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு மன்னர் தன் மோதிரத்தைக் கழற்றிக் குழைக்காதருக்குக் கொடுத்தார். "நியாயம் கிடைத்தது. விதியும் பிழைத்தது. நான் கேட்ட மூன்றாவது மட்டும் பாக்கி. அந்த அம்மாளின் விண்ணப்பத்தைப் பற்றி உள்ளே என்ன பேசினார்கள்?"

"பேசியதைச் சொல்லக் கூடாதே, அரசே."

"தெரியும்."

"பேசாததைச் சொல்லலாமா?"

மன்னர் யோசித்தார். "அதற்கு விதி இல்லை."

"அப்படியானால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். தள்ளும்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஏற்கும்போதும் பேசவில்லை."