மூடி போட்ட பாத்திரம்

"என் அளவுல தப்பே இல்லம்மா" என்றார் குஞ்சிதபாதம். "ஆனா அவ மயங்கி விழுந்துட்டா."

தவமணி அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரு ஐயா விழுந்தது?"

"கீழத்தெரு சீனியம்மா. நாத்து நடும்போது வயல்லயே சரிஞ்சுட்டா. ஆஸ்பத்திரியில, உடம்புல ரத்தமே இல்லைங்கறாங்க. எப்படிம்மா இல்லாமப் போகும்? அவ சாப்பாட்டுல இரும்புச்சத்து தாராளமா இருக்கே!"

குஞ்சிதபாதம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மனசு அடங்கினால் போதும் என்று இந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குருவான தவமணி அம்மாவுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். இருந்தாலும் இவருக்கு அவர் அம்மா. அவருக்கு இவர் ஐயா.

தினமும் காலையில் ஊர்ப் பெண்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவது ஆசிரமத்து வழக்கம்.

"தேவைப்பட்டவங்களுக்குத்தான் போகுதான்னு பார்க்க வேண்டாமா?" என்று ஆரம்பித்தவர் குஞ்சிதபாதம்.

வீட்டுக்கு ஒரு மூடி போட்ட பாத்திரம் கொடுத்தார். அன்றைக்கு அந்த வீட்டுப் பெண் எதை எவ்வளவு சாப்பிடுகிறாளோ, அதையே அதே அளவு பாத்திரத்திலும் போட்டு வைக்க வேண்டும். அதை டவுனுக்குக் கொண்டுபோய், பழைய மாணவன் வைத்திருந்த பரிசோதனைக் கூடத்தில் எரித்துச் சாம்பலாக்கினார். இரும்பு எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று உட்கார்ந்து அளந்தார்.

எல்லாமே போதிய அளவு இருந்தது. சில வீடுகளில் கூடவே இருந்தது.

"இவங்களுக்குக் கூழ் தேவையில்ல. அக்கரை ஊருக்குக் கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மாவு மூட்டையைக் கட்டி வாசலிலும் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் வண்டி வரும். நாளையிலிருந்து இங்கே கூழ் கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் சீனியம்மா விழுந்திருக்கிறாள்.

"ஒருவேளை உங்களை ஏமாத்திட்டாளோ?" என்றார் அம்மா.

"சேச்சே! அவளா? நான் போய் வாங்கும்போது பாத்திரம் சுடச்சுட இருக்கும். முருங்கைக்கீரை, பருப்பு, எள்ளுத் துவையல், நிறையச் சோறு. விளிம்பை முந்தானையால துடைச்சு ரெண்டு கையாலயும் நீட்டுவா. 'சாமி வீட்டுக்குப் போற பாத்திரமாச்சே'ம்பா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"தெரியாதுதான்."

"அப்போ என் தராசு பொய் சொல்லுதா?"

"தராசு என்ன பாவம் பண்ணிச்சு?"

"அப்போ சத்தெல்லாம் எங்கதான் போச்சு?"

அம்மா செம்பைக் கீழே வைத்தார்.

"பசிக்குது ஐயா. இன்னைக்கு உங்க கையால சாப்பிடலாம்னு பார்க்கறேன்."

குஞ்சிதபாதத்துக்குச் சுருக்கென்றது. ஒருத்தி அங்கே படுத்துக் கிடக்கிறாள், அம்மாவுக்குச் சாப்பாடா? ஆனாலும் கேட்டது குரு.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம். மத்தியானம் நீங்க என்ன சாப்பிடப் போறீங்களோ, அதையே எனக்கும் போடுங்க."

"சரிம்மா."

தன் அறைக்கு ஓடினார். உலை வைத்தார். கொல்லையில் அரைக்கீரை கிள்ளிவந்து கடைந்தார். பக்கத்து அறையில் நெய் கடன் வாங்கினார். அப்பளம் ஒன்று கருகிப்போக, அதை ஒதுக்கிவிட்டு வேறொன்று பொரித்தார்.

அம்மா வந்து உட்கார்ந்தார். இலை முழுக்கப் பரிமாறினார் குஞ்சிதபாதம். கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டுவிட்டு, அம்மா கேட்டார்.

"உங்களுக்கு இலை போடலையா?"

"நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன். நீங்க சாப்பிடுங்க."

"அப்புறம்னா, இதையா?"

"இது... ராத்திரிக்குத் திரும்ப உங்களுக்கே ஆகும். எனக்கென்னம்மா, காலையில மிஞ்சின பழையது இருக்கு. ரெண்டு மிளகாயைக் கடிச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது."

"நான் அதைத்தானே ஐயா கேட்டேன்?"

குஞ்சிதபாதம் சிரித்துவிட்டார்.

"நல்லாயிருக்கே! வாசல் ஏறி வந்து கேட்டவங்களுக்குப் போய் அதை எப்படிம்மா போடறது?"

அம்மா கீரையைச் சோற்றில் பிசைய ஆரம்பித்தார்.

குஞ்சிதபாதத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

கையில் கரண்டி அப்படியே இருந்தது. மூலையில், தட்டு போட்டு மூடியிருந்த தன் பழையதுச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ரசம்?" என்றார் அம்மா.

அங்கே யாரும் இல்லை.

வாசலில், வண்டிக்காகக் கட்டி வைத்திருந்த மாவு மூட்டையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார் குஞ்சிதபாதம்.