தரையில் ஒரு சொட்டு இல்லை

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்தை விட்டுப் போய்விடுவது என்று பேச்சிமுத்து முடிவு செய்துவிட்டார். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உலகம்மாளின் முன்னால் போய் நின்றார்.

உலகம்மாள்தான் மடத்தின் குரு. பேச்சிமுத்துவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். பேச்சிமுத்து அவரைத் தாயி என்பார். அவர் பேச்சிமுத்துவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ஒரு வருஷமா கண்ணை மூடி உக்காருதேன் தாயி. உள்ள ஒண்ணும் அசையல. கல்லு மாதிரி கிடக்கு. எனக்கு இதெல்லாம் வராது. ஊருக்குப் போறேன்.”

ஏன் என்று கேட்பார், பொறுத்திரு என்பார் என்று எதிர்பார்த்தார். உலகம்மாள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மெயின் ரோட்டுக்கு நடந்தா பஸ்ஸு போயிரும். கார்ல விடுதேன்.”

பேச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

மடத்துக்கு இருந்தது ஒரே ஒரு பழைய டீசல் கார். சுற்றுவட்டாரத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும் அதுதான் போகும். உலகம்மாளே ஓட்டுவார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார். டொக்.

போகிற நேரத்தில் இது வேறா என்று முணுமுணுத்தபடி பேச்சிமுத்து இறங்கினார். சங்கரன்கோவிலில் முப்பது வருஷம் டீசல் எஞ்சின் பட்டறை நடத்தியவர் அவர். மனைவி இறந்து காரியம் முடிந்த கையோடு பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்.

லைட்டைப் போடச் சொன்னார். பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் குறையில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். கியரில் நிற்கிறதா என்று காரைத் தள்ளிப் பார்த்தார். கடைசியில் டிக்கியிலிருந்து பெரிய ஸ்பானரை எடுத்து, எஞ்சினின் முன்பக்க நட்டில் மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். இம்மியும் அசையவில்லை.

“ஜாம்,” என்றார். “பிஸ்டன் உள்ள இறுகிப் பிடிச்சிட்டு. எஞ்சின் செத்துப்போச்சு. இரும்புக்கடைக்குப் போட்டுருங்க. நான் நடந்தே போயிக்கிடுதேன்.”

“ஜாம்னு எப்படித் தெரியும்?”

“இப்பதான திருகினேன்? பாத்துக்கிட்டுதான நிக்கீங்க?”

“அந்தப் பக்கமா திருகிப் பாத்தீங்களா?”

“ஜாம் ஆனா எந்தப் பக்கமும் ஜாம்தான் தாயி.”

“நேத்து சாயங்காலம் நல்லாத்தான ஓடிச்சு?”

“நிக்கிற வரைக்கும் எல்லா வண்டியும் ஓடத்தான் செய்யும்.”

“தினமும் காலைல ரேடியேட்டர்ல ஒரு செம்பு தண்ணி ஊத்துதேன். மறுநாள் பாத்தா குறைஞ்சு கிடக்கு. தரையில ஒரு சொட்டு இல்ல.”

“பழைய வண்டி, குறையும்! நான் எதைச் சொல்லுதேன், நீங்க எதைக் கேக்கீங்க?”

பேச்சிமுத்துவின் குரல் உயர்ந்துவிட்டது. கார் நிற்கும் கொட்டகையின் மூலையில் கிடந்த ஓர் இரும்புக் குழாயை எடுத்து வந்து ஸ்பானரின் பிடியில் செருகினார். அதைப் பிடித்துத் தொங்கினால் யானையையும் நகர்த்தலாம்.

“அதை வச்சு இழுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?”

“ஒண்ணு சுத்தும். இல்லன்னா உள்ள ஏதாவது வளையும். செத்த எஞ்சின்ல எது வளைஞ்சா என்ன?”

“செத்துப்போச்சா, பாத்துட்டீங்களா?”

குழாயை உருவி வீசினார். அது கணீரென்று போய் விழுந்தது.

“கேள்வி கேட்டே மனுசனக் கொல்லுதீங்க தாயி! இந்தா பாருங்க, அந்தப் பக்கமும் திருகுதேன். கண்ணால பாத்துக்கிடுங்க.”

ஸ்பானரைத் திருப்பி மாட்டி வெடுக்கென்று தள்ளினார்.

அது நகர்ந்தது.

பேச்சிமுத்துவின் கை அப்படியே நின்றது. இறுகிப் பிடித்துக்கொண்ட பிஸ்டன் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. பட்டறைக்கு வேலை கற்க வருகிற ஒவ்வொருவனுக்கும் அவர் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான்.

அவர் உலகம்மாளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வைத்தார். பிறகு ஸ்பானரைப் பழையபடி மாட்டி, இந்த முறை மெதுவாக இழுத்தார்.

இன்ஜெக்டர் இருந்த ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு எழுந்தது. பானெட்டில் மோதி அவர் தலையிலும் முகத்திலும் கொட்டியது. ஸ்பானர் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது.

“தண்ணிய மறிக்கிற கேஸ்கட் லீக்கு,” என்றார், முகத்தைக்கூடத் துடைக்காமல். “ரேடியேட்டர் தண்ணி ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டா சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கு. காத்துன்னா அமுங்கிக் குடுக்கும். தண்ணி அமுங்காது. பிஸ்டன் மேல வர வழியில்லாம நின்னுட்டு.”

“அப்ப சாகல.”

“சாகல. நான் குழாயை வச்சு இழுத்திருந்தா இன்னிக்குச் செத்திருக்கும்.”

மெயின் ரோட்டுப் பக்கம் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தேய்ந்து அடங்கியது.

உலகம்மாள் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பேச்சிமுத்து வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இப்போது அவருக்கு எரிச்சலெல்லாம் தன் மேலேயே வந்தது.

“முப்பது வருஷம் தாயி! தண்ணி குறையுதுன்னு சொல்லுதீங்க. வெளியில சொட்டு இல்லன்னு சொல்லுதீங்க. சின்னப் பயலுக்குக்கூட விளங்கும். எனக்கு ஏன் விளங்கல?”

உலகம்மாள் காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

“உங்க வீட்டம்மா பேரு என்ன அண்ணாச்சி? இத்தனை நாள்ல ஒரு தடவகூட நீங்க சொன்னதில்லையே.”

பேச்சிமுத்து சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்து வந்தது. மிச்சத்துக்குப் பதில், ஒரு வருஷமாக உள்ளேயே தேங்கிக் கிடந்த அழுகை வந்தது.