தண்ணீர் கொண்டு வருகிறவள்

தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில், செங்குழிவிளை என்னும் சிற்றூரில், வீடுகளுக்குத் தண்ணீர் சுமந்து பிழைத்தவர் ஞானப்பூ அம்மாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். விடியுமுன்னே மணலுக்குள் இருக்கும் ஊற்றுக்குப் போவார். காற்று அடிக்கிற மாதங்களில் நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. மணல்மேடே இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அம்மாள் வழி தேடமாட்டார். "ஆண்டவரே, நீரு முன்னால போம். நான் பின்னால வாரேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார். செம்புழுதிக்குள் அவர் உருவம் கரைந்து போவதைப் பார்த்தவர்களுக்கு, அவரோடு இன்னொருவரும் நடக்கிறாற்போல ஒரு மயக்கம் தோன்றும்.

ஊரில் ஒரே ஒரு சபைதான். அதை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்கென்றே கட்டியது. அதை நிரப்புகிறவரும் ஞானப்பூ அம்மாள்தான். அதற்கு மட்டும் கூலி வாங்கமாட்டார். வெள்ளை உடுத்தி இறங்குகிறவர்கள் நனைந்து, நடுங்கி, சிரித்தபடி மேலேறி வருவதைச் சுவரோரம் நின்று பார்ப்பார். பெற்ற பிள்ளைகள் கரையேறியதுபோல அவருக்குக் கண் கலங்கும்.

ஆனால் திருவிருந்து நாளில் அப்பமும் திராட்சரசப் பாத்திரமும் அவரைத் தாண்டிப் போய்விடும். முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கே பந்தி என்பது சபையின் ஒழுங்கு. அம்மாள் பெற்றிருந்ததோ நெற்றியில் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் தெளிப்பு ஞானஸ்நானம். கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருக்கும் பொன்செல்வி தட்டை வாங்கி அந்தப் பக்கம் நீட்டும்போது, அப்பத்தின் வாசனை மட்டும் அவர் மடிமேல் ஒரு நொடி தங்கும். அதற்கே கைகூப்புவார். சாகுமுன் அதில் ஒரு துண்டு தன் வாயில் படவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

பொன்செல்விக்கு வாய் சும்மா இராது. "சமைக்கிறவளுக்குச் சோறு இல்லாத கல்யாணத்தை இங்கதாம்க்கா பாக்கேன். நீ சுமந்த தண்ணியில ஊரே முங்கிட்டு. நீயும் ஒரு முங்கு முங்கிட்டுப் போயேன், என்ன பிடிவாதம்?"

அம்மாள் சிரிப்பார். பிடிவாதம் இல்லை அது. அவர் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது, வறண்டுபோன ஒரு கோடையில் காய்ச்சல் வந்து தாயைக் கொண்டுபோயிற்று. பிள்ளைக்குப் பேர்கூட வைத்திருக்கவில்லை. சீக்குப்பிள்ளை என்பார்கள். பிள்ளைக்கும் அதே காய்ச்சல் என்று அருகே போக எல்லாருக்கும் பயம். அந்த வழியாக வந்த உபதேசியார் ஒருவர் மட்டும் உள்ளே வந்து மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கையில் இருந்தது தண்ணீர் மொள்ளும் பனையோலைப் பட்டை ஒன்று. அதன் அடியில் அவர் குடிக்க வைத்திருந்த கொஞ்சம் தண்ணீர். உதடு வெடித்திருந்த அந்த மனிதர் அதைக் குடிக்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று சொட்டு நெற்றியில் தெளித்து, "ஞானப்பூ" என்று கூப்பிட்டார். மிச்சத்தை வாயில் ஊற்றினார். பிள்ளை கண் திறந்தது.

"அந்த மூணு சொட்டும் செல்லாதுன்னு சொல்லிட்டுத்தான நான் தொட்டிக்குள்ள எறங்கணும்? எப்பிடி பிள்ள சொல்லுவேன்?" என்று மட்டும் அம்மாள் கேட்பார்.

ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஞானஸ்நானமும் திருவிருந்தும் சேர்ந்து வந்தன. தொட்டி நிறைந்துவிட்டது. விளிம்பில் மிதந்த சருகை எடுக்கக் குனிந்த அம்மாள், பாசி வழுக்கி, தலைகுப்புற உள்ளே போனார். கொண்டைகூடத் தெரியவில்லை. பிறகு இருமிக்கொண்டே எழுந்து நின்றார்.

முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பொன்செல்வி விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். "யக்கா, முடிஞ்சுது சோலி! உச்சி வரைக்கும் முங்கிட்டு. நாளைக்கு மொத வரிசையில வந்து இரி!"

சத்தம் கேட்டுப் பாஸ்டர் ஆசீர் ஓடி வந்தார். இளகிய மனம் உள்ளவர். தட்டு அம்மாளைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். "அம்மா, தண்ணிக்குள்ளதான நிக்கிய. நான் தலையில கைய வச்சு ஒரு வார்த்த சொல்லட்டுமா? நாளைக்கு அப்பம் ஒங்க கையில இருக்கும்" என்றார் மெல்ல.

அம்மாள் மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார். அப்பத்தின் வாசனை எங்கிருந்தோ வந்தது. கண்ணை மூடி அதை முகர்ந்தார். பிறகு பக்கச் சுவரைப் பிடித்து ஏறினார்.

"பாசி வழுக்கி விழுந்தேன் பாஸ்டரய்யா. அவ்வளவுதான். அத வேற எதுவும்னு சொல்லி ஆண்டவரு பந்தியில உக்காருவனா?"

ஏறியவர் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார். வேலைச்சேலையின் புழுதி கரைந்து தண்ணீர் சிவந்திருந்தது. "வெள்ள உடுத்தி வார பிள்ளைக எறங்குற தண்ணி" என்று குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஊற்றுக்கு நடந்தார்.

உபவாசம் இருந்த பாஸ்டர், சபைக்குள் முழங்காலில் நின்றவர், வெயில் சாயும் நேரத்தில் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். வெளியே தொட்டியில் குடம் கவிழும் சத்தம். சற்று ஓய்ந்து, மறுபடியும் அதே சத்தம். அது அவர் உறக்கத்துக்குள் ஒழுகி வந்தது.

தேரி முழுவதும் தண்ணீராகக் கிடந்தது. வெள்ளை உடுத்த ஜனங்கள் கரையில் பந்தி அமர்ந்திருந்தார்கள். முழுகினவர்களும் தெளிக்கப்பட்டவர்களும் கலந்து இருந்தார்கள். இன்னார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லார் தலையும் ஈரமாக இருந்தது. நடுவில் ஆண்டவர் அப்பத்தைக் கையில் ஏந்தி நின்றார். பிட்கவில்லை. வெடித்த உதட்டோடு ஒருவர், கையில் ஓலைப்பட்டையுடன், அவர் பக்கத்தில் நின்றார்.

"ஆண்டவரே, நேரமாவுதே. யாருக்காக நிக்கீரு?" என்று பாஸ்டர் கேட்டார்.

"தண்ணி கொண்டு வாரவ இன்னும் வரல்ல."

பாஸ்டர் விழித்தார். வெளியே ஒரு குடம் கவிழ்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஞானஸ்நானம் முடிந்து திருவிருந்து வந்தது. பாஸ்டர் தட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. தாமே எடுத்துக்கொண்டு முன்வரிசையைக் கடந்து கடைசிப் பாய்க்கு நடந்தார். மூப்பர் ஒருவர் எழுந்து, "பாஸ்டரய்யா, சபை ஒழுங்கு என்னாவது?" என்றார்.

"முழுக்குத்தான் நான் படிச்சது மூப்பரே. நாளைக்கும் அதத்தான் சொல்லுவேன். ஆனா பந்தி வச்சது நான் இல்ல. வச்சவரு இவியளுக்காகக் காத்துக்கிட்டு நிக்காரு."

அம்மாள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். "ஐயா, நான் முழுகலியே."

"தெரியும்மா. அவருக்கும் தெரியும். கைய நீட்டுங்க."

மூப்பர் உட்கார்ந்துவிட்டார். குடம் பிடித்துக் காய்த்துப்போன கை நீண்டது. பொன்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பம் நாவில் கரைந்தபோது, பச்சை ஓலையின் வாசனை எழுந்து, நெற்றியில் மூன்று சொட்டு ஈரம் பட்டதாக அம்மாளுக்குத் தோன்றிற்று. தொட்டுப் பார்த்தார். விரல் நனைந்திருந்தது.

ஊர்த் தாகமெல்லாம் தீர்த்தவரின் ஒரு தாகத்தைக் கர்த்தர் மறக்கவில்லை. ஞானப்பூ அம்மாள் நடந்த மணலும் பாக்கியம் செய்தது.