ஆணியில் தொங்கும் கிதார்

குணசீலன் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன் பிறகுதான் கிதார் கற்க வந்தார். ஆசிரியை பெனிட்டாவுக்கு அவருடைய மகளாக இருக்கக்கூடிய வயது. அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள். பெரம்பூரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அறை. கீழே பஞ்சு அடிக்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வகுப்பு தொடங்கும்.

இரண்டாம் வருடம் அவருடைய இடது கைச் சுண்டுவிரல் தந்தியை அழுத்த மறுத்தது. வீட்டில் வாசித்துப் பழகுவதில்லை என்று அவள் திட்டினாள். பிறகு மோதிர விரலும் மறுத்தது.

தசையில் ஊசி குத்தி மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்த மருத்துவர், மருந்து இல்லை என்றார். முதலில் விரல்கள், அடுத்து கைகள், கடைசியில் மூச்சு. எவ்வளவு வேகமாக என்பதை மட்டும் சொல்ல முடியாது.

அடுத்த வகுப்புக்குக் குணசீலன் சரியான நேரத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஒரு நல்ல கிதார் வாங்கணும். இந்தப் பயிற்சிக் கட்டையை வெச்சுக்கிட்டு சாகக் கூடாது."

"வாங்குங்க சார்."

கைபேசியை நீட்டினார். பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. அதன் கஸ்டம் ஷாப்பில் தனி ஆர்டருக்குச் செய்யும் எலெக்ட்ரிக் கிதார். எப்போதோ இறந்துபோன ஒரு கலைஞர் வைத்திருந்ததன் நகல். முழங்கை படும் இடத்தில் வண்ணம் உரிந்து மரம் தெரிந்தது. தலைப்பகுதியில் சிகரெட் சுட்ட கறை.

"இது புதுசா, பழசா?"

"புதுசுதான். அவங்களே தேய்ச்சு, சுட்டு, பழசாக்கித் தர்றாங்க."

"யார் வாசிச்சுத் தேய்ஞ்சது?"

"கிண்டல் பண்ணாதீங்க. ஆயுள் முழுக்க வாரண்டி போட்டிருக்கான்."

"யாரோட ஆயுள்?"

குணசீலன் வாய்விட்டுச் சிரித்தார். நோய் தெரிந்த பிறகு யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

"எப்போ கைக்கு வரும்?"

"வரிசையில நிக்கணும். அடுத்த வருஷக் கடைசின்னு சொல்றான்."

அவள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என் மகன் சொன்னதுதான். வாங்கறதே வாங்கறீங்க, பேரு உள்ளதா வாங்குங்கப்பா, அப்புறம் நல்ல விலைக்குப் போகும்னான்."

"அப்புறம்னா?"

"அதை நானும் கேக்கலை. அவனும் சொல்லலை."

கீழே கடையில் யாரோ மெத்தையைத் தட்டிப் பார்த்தார்கள்.

"அம்பத்தூர்ல ஹென்றின்னு ஒருத்தர் இருக்கார்" என்றாள் பெனிட்டா. "ஷெட்டுல தனியா உக்காந்து செய்வார். வாசிக்கிறவங்க கையைப் பார்த்துதான் கிதாரோட நெக்கைச் செதுக்குவார்."

"கழுத்துக்கு அளவா? தூக்குப் போடறவன்கூட எடுப்பானே டீச்சர்."

"அவர்கிட்ட உங்களைப் பத்திப் பேசினேன்."

"வாரண்டி?"

"அவர் இருக்கிற வரைக்கும்."

"விக்கப் போனா?"

"ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. தலையில பேரே இருக்காது."

"அப்ப அது எதுக்கு?"

பெனிட்டா எழுந்தாள். சுவரில் ஓர் ஆணியில் ஒரு கிதார் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயேதான் இருந்தது. அவள் அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வாசிங்க."

தலையில் பெயர் இல்லை. நான்கே தந்திகள். கழுத்தின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மறுபக்கம் ஒரு குழி. அவருடைய கட்டைவிரல் அதில் விழுந்து நழுவியது. குழியில் பூச்சு தேய்ந்து, வியர்வையில் மரம் கறுத்திருந்தது. மற்ற விரல்களுக்கு இடமே அகப்படவில்லை.

"கோணலா இருக்கே."

"அன்செல்மோட கை கோணல்."

அன்செல்ம் அவளுடைய கணவர். முடக்குவாதம் அவருடைய விரல்களைத் திருகிவிட்டது என்று குணசீலன் கேள்விப்பட்டிருந்தார். பார்த்ததில்லை. இவர் கற்க வருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

"இதுலயா வாசிச்சார்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்குக் காலையிலயும்."

"நல்லா வாசிச்சாரா?"

"இல்ல. வாசிச்சார்."

"நீங்க இதுல வாசிக்கறதுண்டா?"

"முயற்சி பண்ணினேன். முடியல. விக்கலாம்னு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அடுப்புல வெக்கலாம்னு சொன்னான்."

குணசீலனின் கட்டைவிரல் மறுபடியும் அந்தக் குழியைத் தேடிப் போனது.

"கம்பெனிக்காரங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க சார்?"

"என்ன கலர்னு கேட்டாங்க. எவ்வளவு பழசா வேணும்னு கேட்டாங்க."

"ஹென்றி ஒண்ணுதான் கேட்டார்."

"என்ன?"

"மூணு விரலுக்குச் செய்யட்டுமா, ரெண்டு விரலுக்குச் செய்யட்டுமான்னு."

அவர் இடது கையைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் மடங்கியது. மோதிர விரல் பாதியில் நின்றுவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு ரயில் கடந்து போனது. எந்த வண்டி என்று அவர் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வார்.

"ரெண்டுக்கே சொல்லிடுங்க" என்றார்.

அவள் கைபேசியை எடுத்து, ஹென்றியிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். கிதாரை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"எனக்கப்புறம் என் கிதாரை என்ன பண்ணுவீங்க?"

அவள் அன்செல்மின் கிதாருக்குப் பக்கத்தில், வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க இன்னொரு ஆணி அடிப்பேன்."