தொட்டி மஞ்சளான நாள்

ராணிப்பேட்டைக்கு வெளியே ஒரு மருந்து ஆலையில் குமரகுருபரன் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை சாராய ஆலையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். இங்கே அவருக்குக் குரு விஞ்ஞானி ரஹீமா. அவரைவிட நிறையவே இளையவர்.

பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து பி2 வைட்டமின் எடுக்கும் வேலை. பருத்திக் காய்க்குள் புகுந்து பஞ்சைக் கெடுக்கிற பூஞ்சை அது. கிடைக்கும் வைட்டமின் பள்ளிக்கூடச் சத்துமாவுக்குப் போகவேண்டும். இந்தச் சத்து இல்லாமல் வாயோரம் வெடித்துச் சாப்பிட முடியாமல் அழுகிற பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம்.

முதலில் பூஞ்சை போட்ட தொட்டிகள் வீணாகிவிட்டன. "இதுவும் வரலைன்னா இந்தப் பிரிவையே மூடிடறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

குமரகுருபரன் அடுத்த தொட்டியை விட்டு நகரவில்லை. சர்க்கரையும் எண்ணெயும் குறையக் குறைய ஊற்றினார். பூஞ்சை கஞ்சிபோலத் தடித்து வளர்ந்தது. வைட்டமின் வந்தால் மஞ்சளாகவேண்டும்; நிறம் மட்டும் வெளுப்பாகவே இருந்தது.

"மேடம், கேட்கிறதுக்கு முன்னாடியே கொடுக்கிறேன். இது ஏன் ஒண்ணுமே கொடுக்க மாட்டேங்குது?"

ரஹீமா ஏணியில் ஏறினார். தீனி போகும் குழாயை மூடினார்.

குமரகுருபரன் பதறிப்போனார். "பட்டினியில செத்துடும் மேடம்!"

"இப்போ அது என்ன வேலை பார்க்குது சார்?"

"வளருது."

"அந்த வேலை முடியட்டும். அப்புறம்தான் வைட்டமின் பண்ணும்."

மறுநாள் காலையில் குமரகுருபரன் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார். எலுமிச்சைச் சாறுபோல லேசாக ஒரு நிறம். மத்தியானம் எடுத்தது மாம்பழ மஞ்சள். சாயங்காலம் தொட்டி முழுக்கப் பளீரென்று மஞ்சள் ததும்பியது.

அளந்து பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வைட்டமின்.

யாரோ விசிலடித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். முதலாளி காரை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். குழாயை வாங்கி வெயிலில் பிடித்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அடுத்த தொட்டி எப்போ?"

"நாளைக்கே" என்றார் குமரகுருபரன். தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவரே நினைக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அவர் தொட்டியருகே நின்று மெல்லக் கேட்டார்.

"அப்போ இத்தனை நாள் நான் ஊட்டினதெல்லாம் வீண்தானா மேடம்?"

ரஹீமா மஞ்சள் குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க ஊட்டினதுதான் சார் இது."