கதவுக்குக் கட்டிய காப்பு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. ஒரே ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதையே சாட்சி. அதனால் மெதுவாகவே சொல்லலாம். தப்பிருந்தால் கோணப்பனை ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்றும் பயம்தான். ஆனால் எது தப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. அது ஒரு தைரியம்.

கோணப்பனையில் செல்லக்கனி என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளை இல்லை, கவலை உண்டு. பால் பொங்கினாலும் கவலை, பொங்காவிட்டாலும் கவலை. அவள் புருஷன் அய்யாக்குட்டிக்கும், கொழுந்தன்மார் வெயிலுமுத்து, சுடலைக்கண் இருவருக்கும் கவலையே கிடையாது. கவலைப்படுவதற்கு யோசிக்க வேண்டுமே!

ஒருநாள் அவள் தங்கை மரகதம் போனில் கூப்பிட்டாள். போன தடவை வந்திருந்தபோது அவள் மகன், நடை பழகிய பயல், கதவிடுக்கில் விரலைக் கொடுத்து ஊரையே கூட்டியிருந்தான்.

“அக்கா, வெள்ளிக்கிழமை பயலைக் கூட்டிட்டு வாறேன். ஆனா கதவுக்கெல்லாம் விரல் காப்பு போட்டிருக்கணும். இல்லைன்னா அடுத்த பஸ்ல திரும்பிருவேன், ஆமா.”

செல்லக்கனிக்கு அந்தப் பயல் என்றால் உயிர். முறுக்குக்கு மாவுகூடத் திரித்து வைத்திருந்தாள். விரல் காப்பு என்றால் என்ன என்று கேட்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வீட்டில் சபை கூடியது.

“காப்புன்னா கையில போடுறதுல்லா?” என்றார் அய்யாக்குட்டி.

“கதவுக்கு ஏதுண்ணே கை?” என்றான் வெயிலுமுத்து.

“கை இல்லாமலா கைப்பிடி வச்சிருக்கு?”

எல்லாரும் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

“போலீஸ்காரங்க மாட்டுறதும் காப்புதான்,” என்றான் சுடலைக்கண்.

“ஐயையோ, நம்ம கதவு யாரு வீட்டுல திருடுச்சு?” என்று பதறினாள் செல்லக்கனி.

வெயிலுமுத்து கண்ணை மூடி வெகுநேரம் இருந்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தபோது திறந்தான். “மதினி, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுறோம்லா, மஞ்சக்கயிறு? அதுதான் காப்பு.”

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அன்றைக்கே வாசல் கதவு, அடுக்களைக் கதவு, புறவாசல் கதவு மூன்றையும் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வேப்பிலை செருகிக் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கதவுகள் எங்கும் போகவில்லை. கவுச்சியும் ஆகாது. அதனால் கதவுக்கு வாசம் படாமல், கருவாட்டுக் குழம்பைத் தெருமுனையில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அப்படியும் செல்லக்கனிக்கு மனசு கேட்கவில்லை. “ஏங்க, காப்பு வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துருவமா?”

அய்யாக்குட்டி ஆள்காட்டி விரலை இடுக்கில் வைத்தார். சுடலைக்கண் கதவை ஓங்கிச் சாத்தினான். அலறல் கேட்டுக் குளத்துக் கொக்கெல்லாம் பறந்தது.

செல்லக்கனி ஓடிவந்து கதவைத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

“பாத்தீங்களா மதினி,” என்றான் வெயிலுமுத்து. “கதவுக்குக் கட்டினோம், கதவு தப்பிச்சுட்டு. அண்ணன் விரலுக்கு யாரு கட்டினா?”

நியாயம்தானே. வீங்கின விரலுக்குப் பஞ்சு சுற்றி அதன்மேல் காப்புக் கட்டினார்கள். வம்பு வேண்டாம் என்று எல்லார் விரல்களுக்கும் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மரகதம் வந்து இறங்கினாள். பஸ் நிற்கும் இடம் ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்.

“அத்தான், வந்து பையைப் பிடிங்க!”

கூப்பிட வந்த அண்ணன் தம்பி மூன்று பேரும் கல்லருகே நின்றுவிட்டார்கள்.

“காப்பு விரலுக்குத்தானண்ணே?” என்றான் சுடலைக்கண். “விரலு இங்க இருக்கட்டும். நாம மட்டும் போவோம்.”

உடம்பு அந்தப் பக்கமும் கை இந்தப் பக்கமுமாக மூவரும் குப்புறப் படுத்தார்கள்.

“முதுகுல வைம்மா,” என்றார் அய்யாக்குட்டி, தரையைப் பார்த்தபடி.

மரகதம் பயலையும் பையையும் தானே சுமந்து வீட்டுக்கு வந்தாள். செல்லக்கனி ஓடிவந்து பயலை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பூசிய கதவைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அக்கா, விரல் காப்புன்னா கயிறு இல்ல. கதவு முழுசா மூடாம இடுக்குல வைக்கிறது. மெத்துன்னு, தடியா இருக்கும். சரி, பயலைத் தா. நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கேன்.”

செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. மெத்தென்று, தடியாக. வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? தலையணை பெரிசு. இட்லி பிய்ந்துவிடும். அப்போதுதான் புருஷனின் பஞ்சு விரல் கண்ணில் பட்டது.

“ஏங்க, இப்படி வாங்க.”

அய்யாக்குட்டி விரலை இடுக்கில் வைத்தார். கதவு மூடவில்லை. மற்ற இரண்டு கதவுகளிலும் கொழுந்தன்மார் விரலுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டு போய் நின்றார்கள். பயல் பெரியப்பாவின் வெள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தான். தூக்கினால் அழுதான். மரகதத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றினாள்.

பொழுது சாய்ந்ததும் செல்லக்கனிக்கு அடுத்த கவலை பிறந்தது. கதவு மூடாவிட்டால் திருடன் வருவான். இருட்டில் அவன் விரலும் நசுங்குமே!

“திருடன் விரலு எப்படிப் போனா உனக்கென்ன?” என்றாள் மரகதம்.

“நம்ம வீடு தேடி வந்தவனாச்சேடி.”

வாசலுக்கு வெளியே ஆணியடித்து ஒரு கொத்து மஞ்சள் கயிறு தொங்கவிட்டாள். “உள்ள வாறவன் ஒண்ணைக் கட்டிக்கிட்டு வரட்டும். கட்டிட்டா எல்லை தாண்ட முடியாது. எடுத்ததை எங்க கொண்டு போவான்?” என்று சொல்லிவிட்டு, பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் பித்தளைக் குடத்தைக் காணோம். அய்யாக்குட்டி வைத்த விரல் வைத்தபடி நின்றிருந்தார்.

“வந்தான். விரலை எடுக்கப்பிடாதுன்னு நீதான சொன்ன?”

“கயிறு கட்டினானா?”

“ஒண்ணு உருவி விரல்ல கட்டிக்கிட்டுத்தான் போனான்.”

செல்லக்கனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுடலைக்கண்ணின் கதவில் தன் விரலை வைத்துக்கொண்டு, அவனை விரட்டினாள்:

“எல்லைக்கல்லுக்கு ஓடு தம்பி! ஆளு தாண்டியிருந்தாலும் தாண்டியிருப்பான். விரலு இந்தப் பக்கந்தான் கெடக்கும். யாரும் மிதிச்சு நசுக்கிராம எடுத்துட்டு வா!”