பெண் மானின் கொம்பு

மஞ்சக்குட்டை ஜமீனில் வேட்டைக் குறிப்பு எழுதுகிறவன் சடையாண்டி. கொம்புள்ள மான் ஒன்றைத்தான் சுடலாம் என்று வேட்டை உரிமத்தில் சர்க்கார் எழுதியிருந்தது. அதனால் முன்னால் போய்க் கொம்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் அவன் வேலைதான்.

அன்று காலை ஒரு புதர் அசைந்தது. "சீக்கிரம் சொல்லடா!" என்று ஜமீன்தார் அவசரப்படுத்தினார். காய்ந்த கிளையைக் கொம்பென்று நினைத்துச் சடையாண்டி தலையாட்டிவிட்டான். விழுந்தது பெண் மான். அதன் மடியில் பால் கட்டியிருந்தது.

"வன அதிகாரி வரப்போகிறார். எப்படியாவது கொம்பு போட்டு எழுது. இல்லையென்றால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலையில்லை" என்றார் ஜமீன்தார்.

சடையாண்டி எழுதி நீட்டினான்.

"கொம்பு போட்டாயா?"

"முதல் எழுத்திலேயே போட்டுவிட்டேன், எசமான்."

எதையும் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லாத ஜமீன்தார், மீசையை நீவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி வந்து உரக்கப் படித்தார்: "பெண் மான் ஒன்று சுடப்பட்டது."

"அடப்பாவி, கொம்பு எங்கேடா?" என்று ஜமீன்தார் கத்தினார்.

"'ப'னாவுக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு நிற்கிறதே, எசமான். 'ஆண்' என்று எழுதியிருந்தால் கொம்பே வந்திருக்காதே!"

அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உரிமத்தை அங்கேயே ரத்து செய்தார்.

"கெட்டிக்காரனப்பா நீ. என் ஆபீசுக்கு எழுத வருகிறாயா?"

"வருகிறேன், ஐயா" என்றான் சடையாண்டி. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்தில் ஒரு கொம்பைத் தேட அவனுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. காலையில் அந்தப் புதருக்கு முன்னாலும் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கலாம்.